பிடி அரிசியும் பள்ளிக்கூடமும்



பசித்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை ஆசிரியத் தொழில் பூண்டார் யாவரும் அறிவர். காலையிற் கரும்பலகையை விட்டு அகலாதிருந்த கண்கள் பதினொரு மணிக்கு மேல் மங்கிச் சாளரத்தை நோக்குவதை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம். யாப்பையும் அணியையும் எத்துணை இனிமையாக எடுத்துச் சொல்லினும் அவ்வேளையில் அவை செவியில் விழுவதில்லை.

எளிய பிள்ளைகளின் கல்விக்கு உதவும் சிறு தருமசபை ஒன்றில் யாமும் சில ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகின்றோம். அச்சபையின் கூட்டங்களில் இரண்டு வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. அரசினரே உணவும் உடையும் நூலும் அளிக்கும் இக்காலத்தில் தனியார் தருமம் எதற்கு என்பது ஒன்று. நம் மரபினர் ஈட்டிக் கொடுத்த பொருளை நம் மரபுப் பிள்ளைகட்கு மட்டுமே வழங்குவதன்றோ முறை என்பது மற்றொன்று. கேட்போர் பெரியோர், பொருள் கொடுப்போரும் அவர்களே. ஆதலின் அவற்றைப் புறந்தள்ளுதல் தகாது. விடையை வெறும் வாதத்தால் தேடுவதினும் இச்சீமையின் சென்ற கால வரலாற்றில் தேடுதல் நலமென்று கருதி இதனை எழுதலானோம்.

சோற்றையும் கல்வியையும் ஒருங்கு வைத்து எண்ணியது புதுமையன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன், மதுரையில் சிந்தாதேவி கோயிலின் முன்றிலில் தங்கி, கையில் ஓடேந்தி வீடுதோறும் ஐயம் ஏற்று, குருடர்க்கும் முடவர்க்கும் பேணுநர் அற்றோர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டவன். மழை பெய்த ஓர் இரவில் பசித்து வந்தோர்க்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது, அத்தேவியே அமுதசுரபியை அவன் கையில் அளித்தாள் என்பது கதை. சிந்தாதேவி என்பாள் கலைமகளே என்பர் அறிஞர். கல்விக்குரிய தெய்வம் சுவடியை அளியாது சோற்றுப் பாத்திரத்தை அளித்ததைப் பள்ளியாசிரியராகிய யாம் வியந்து வியந்து எண்ணுவதுண்டு. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் வருமுன்னர், வீட்டுக்கு வீடு ஏந்திய ஓடு ஒன்று இருந்தது என்பதையும் அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் சொல்லப்புகும் வரலாறும் இவ்விருவகைப் பாத்திரங்களின் வரலாறேயாம்.

நம் சீமையின் இயல்பு அன்பர்கள் அறிந்ததே. விருதுநகர் தொடங்கிச் சாத்தூர், கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வரையில் பரந்து கிடக்கும் இக்கரிசல் மண் ஐப்பசி கார்த்திகை மழையையே நம்பியிருப்பது. மழை பெய்தாற் காலை விடாது பற்றிக்கொள்ளும்; கோடையில் ஆள் கால் புதையும்படி வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் மல்லியும் இதன் விளைவுகள். நெல் இங்கே அரிது. மாசி பங்குனியில் பருத்தி வெடித்ததும் பெரியோர் சிறியோர் அனைவரும் காட்டிற்குச் செல்வர். பள்ளியில் வாங்குகள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்தப்பட்ட பிள்ளைகட்கோ எல்லா மாதமும் மாசியே.

இத்தகைய சீமையில்தான் பிடி அரிசி என்னும் வழக்கம் பள்ளிக்கூடத்திற்குப் பயன்பட்டது. நம் முன்னோர் வண்டிகளிற் சரக்கேற்றி ஊரூராகச் சென்று வாணிகம் புரிந்தோர். வழியிற் காவலின்றித் தங்கவியலாமையின் பேட்டைகள் அமைத்தனர். அவற்றின் செலவிற்காக விற்கும் சரக்கின் மீது இவ்வளவு என்று ஒவ்வொருவரும் மகமை கொடுத்தனர். உறவின்முறையார் அதனைக் கணக்கிட்டு வைத்துப் பேட்டைக்கும் கிணற்றிற்கும் கோயில் விழாவிற்கும் செலவிட்டனர். அம்மகமைப் பணம் பிற்காலத்திற் கல்வியின் பக்கம் திரும்பியது. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. அக்காலத்தில் நம்மவர் பல கோயில்களின் உள்ளே செல்லவியலாதவராய் இருந்தனர். 1897-இல் கமுதிக் கோயிலினுட் புகுந்ததன்மேல் எழுந்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நமக்கு மாறாகவே முடிந்தது. வழக்கிற் கரைந்த பொருளைப் பார்க்கிலும் பள்ளியில் இட்ட பொருளே மிக்க பயன் தந்தது என்று சொன்னால் மூத்தோர் எம்மீது சினவார் என நம்புகின்றோம்.

மகமை ஆடவர் கடையிலிருந்து வந்தது. பிடி அரிசியோ மகளிர் அடுப்பங்கரையிலிருந்து வந்தது. உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர். வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று அதனைத் திரட்டி, அவ்வரிசியைக்கொண்டு பள்ளியை நடத்துவதற்கு வழி செய்தனர். அன்று பெண்மக்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தாம் என்றும் நுழையாத பள்ளிக்கு அவர் நாள்தோறும் ஒரு பிடி ஈந்தனர். நெல் விளையாத மண்ணில், விலைகொடுத்து வாங்கிய அரிசியில் ஒரு பிடி என்பது எத்துணைப் பெரிது என்பதைத் தஞ்சை நாட்டார் உணர்வது கடினம். கலயத்தின் மேல் ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை. திரட்டிய அரிசியில் எந்தப் பிடி எவர் வீட்டது என்று பிரித்தறிய ஒருவராலும் இயலாது. இக்குறிப்பைப் பின்னர் வேண்டுவோம்.

அவ்வித்தியாசாலையில் அமர்ந்து படித்த சிறுவருள் ஒருவர், 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பிறந்த காமராஜர். தந்தையாரை இளமையிலேயே இழந்து, படிப்பை நடுவில் விட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் அமர்ந்தார் அவர். பிடி அரிசியாற் பள்ளி நடந்தது. ஆயினும் பிள்ளையின் வீட்டு உலையை அது கொதிக்க வைக்கவில்லை. இவ்வொரு குறையை அவர் வாழ்நாள் முழுவதும் மறந்தாரல்லர் என்பதை அவர்தம் ஆட்சியே காட்டும்.

இனிச் சென்னைக்குச் செல்வோம். கரிசலின் கலயத்தோடு ஒப்பிடத்தக்க வேறொரு பாத்திரம் அங்கே இருந்தது. 1920-ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியிற் பயிலும் ஏழைப் பிள்ளைகட்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாத செலவில் நண்பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. பிள்ளைகளின் வருகை பெருகிற்று. வேறு சில பள்ளிகட்கும் அது விரிந்தது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவிற்குச் செலவிடலாகாது என்று அன்றைய அரசினர் தடுத்தமையால் 1925-இல் அஃது நின்றுபோயிற்று. பல கைகள் இட்ட பிடி அரிசியை எந்த உத்தரவும் நிறுத்தவியலாது. ஒரே கை இட்ட உணவோ ஒரு தாளில் நின்றது. எனினும் பிடி அரிசி ஒருசில ஊர்களின் எல்லையைத் தாண்டவில்லை. அரசின் கையோ நீட்டினால் நாடெங்கும் எட்டவல்லது.

இவ்விரண்டையும் ஒருங்கிணைத்ததே 1956-ஆம் ஆண்டின் செயல். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர், அப்போது பொதுக் கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணைகொண்டு பள்ளிப் பிள்ளைகட்குப் பகலுணவு அளிக்கும் முயற்சியைத் தொடங்கினார். வழியில் ஆடு மேய்த்த சிறுவனை வண்டியை நிறுத்தி அவர் வினவிய கதையை மேடைதோறும் கேட்கின்றோம். சொல்வார்க்கு ஏற்ப ஊரும் மாறுகின்றது. அக்கதை எங்கு நிகழ்ந்ததாயினும் ஆகுக. விருதுநகர்க் கலயத்தின் அரிசியைக் கண்டு வளர்ந்தவர்க்கு இதனைக் கற்பிக்க வேறொரு சிறுவன் வேண்டியதில்லை என்பது எம் கருத்து.

அத்திட்டம் தொடங்கப்பெற்ற இடம் கோவிற்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரம். பாரதியார் 1882-இல் பிறந்த ஊர் அது. சிறியரும் பெரியரும் இட்ட நன்கொடையால் எழுந்த பாரதி மண்டபம் 1947-இல் அங்கே திறக்கப்பெற்றிருந்தது. ஊரார் கூடிக் கொடுத்தால் ஒன்றைச் செய்து முடிக்கலாம் என்பதற்கு அம்மண்டபமே கண்முன் நின்ற சான்றாயிற்று. கம்பும் சோளமும் விளையும் மண்ணில், ஊராரின் கொடையை முதலாகக்கொண்டு, பள்ளித் திண்ணையில் அடுப்பு மூட்டப்பட்டது. பின்னர் அரசினர் மானியம் வகுத்தபோது, ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவிற்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசாவை அரசும் நான்கு பைசாவை உள்ளூராரும் ஏற்பதென்று வைத்தனர். இக்கணக்கை அன்பர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நூறு பிள்ளைகள் உண்ணும் பள்ளிக்கு ஊரார் நாள்தோறும் நான்கு ரூபாய் திரட்டல் வேண்டும். மழை பெய்த ஆண்டில் அது எளிது. மழை பொய்த்த ஆண்டிலோ, பிள்ளையின் பசி மிகும் அதே வேளையில் ஊராரின் கலயமும் வெறுமையாகும். உள்ளூர்க் கொடையின் அழகும் அதன் குறையும் இந்நான்கு பைசாவில் அடங்கியுள்ளன.

மகமையும் பிடி அரிசியும் நம் மரபினர் இல்லங்களிற் பிறந்தவை. எட்டயபுரத்தில் தொடங்கிய பந்தியோ எவர் பிள்ளைக்கும் உரியதாயிற்று. நம்மவர் ஒருவர் முதலமைச்சராயிருந்தும் இதனை நம்மவர்க்கு மட்டும் என்று வகுத்தாரல்லர். எம் இரண்டாம் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ? வேண்டும் என்பார்க்கு அண்மைச் செய்தி ஒன்று கூறுவோம். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அதே எட்டயபுரத்தை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில், சமைக்கும் அம்மையாரின் சாதியைக் காரணமாகக் கொண்டு பிள்ளைகள் காலையுணவை உண்ணாது விட்டனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆட்சியிலுள்ளோர் நேரிற் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணவேண்டியதாயிற்று. கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரின் பேரர்களாகிய நாம், எந்தப் பிள்ளைக்கு ஈவது எந்தப் பிள்ளையை விடுப்பது என்று பட்டியல் எழுதுமுன் கமுதி வழக்கின் தீர்ப்பை ஒருமுறை படித்தல் நன்று.

நம் சீமையின் வேறொரு பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் நாட்டிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த கரிசலுக்குக் கூலி தந்தது. எத்தனையோ குடிகளை ஊர்விட்டு ஊர் பெயராமற் காத்தது. ஆயின் சட்டத்திற் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் வாய்ப்பெனக் கண்டு, சிவகாசி, சாத்தூர், கோவிற்பட்டிப் பக்கங்களிற் பல்லாயிரம் பிள்ளைகளை விடியுமுன் வண்டியேற்றிச் சென்றனர். பள்ளியிற் கிடைத்த பகலுணவு ஒருவேளைப் பசியை ஆற்றியது. ஆலைக் கூலியோ வாரக் கடைசியில் தாயின் கையிற் காசாக வந்தது. இரண்டினுள் எது வென்றது என்பதை அக்காலத்து வருகைப் பதிவேடுகள் சொல்லும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசித் தொழில் பற்றிய வழக்கிற் கடுமையான தீர்ப்பளித்தது. அதன் பின்னரே அவ்வண்டிகள் மெல்லமெல்லக் குறைந்தன. பள்ளி கட்டிய கையும் ஆலை கட்டிய கையும் பல ஊர்களில் ஒரே கையாயிருந்தது என்பதை நம் ஏட்டில் நாமே எழுதாவிடின் வேறு எவர் எழுதுவர்?

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1982 ஜூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்; செலவை அரசே ஏற்றது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் நாட்டிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு வழங்குமாறு ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையிற் காலையுணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகட்கு விரிந்தது. 2024-இல், காமராஜர் பிறந்த ஜூலை 15-ஆம் நாளிலேயே, ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகட்கும் அது கிடைத்தது. ஆபுத்திரன் கை ஓடு அமுதசுரபியாயிற்று எனலாம். ஊராரின் நான்கு பைசா மறைந்ததை எண்ணி வருந்துவார் சிலர், யாம் வருந்தவில்லை. மழை பொய்த்தாலும் பிள்ளையின் தட்டு நிறைகின்றதெனில் அதனினும் வேண்டுவது யாது?

அங்ஙனமாயின் தருமசபை எதற்கு என்னும் முதல் வினா நிற்கின்றது. சபையில் யாம் செய்யும் வேலையிற் பாதி, படிவம் நிரப்புதலே. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்மக்கட்கு 2022 முதலும் ஆண்மக்கட்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் அரசு அளிக்கின்றது. அதனைப் பெறுதற்கு ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று எழுத்துப் பிசகாமற் பொருந்தல் வேண்டும். தாயின் பெயர் ஓரிடத்தில் மாரியம்மாள் என்றும் மற்றோரிடத்தில் மாரியம்மா என்றும் இருத்தலால் உதவி தடைப்பட்டு நிற்கும் பிள்ளை எத்தனை! அவளை அழைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு இருமுறை செல்ல ஒருவர் வேண்டும். கண்ணாடி வேண்டிய பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்ட ஒருவர் வேண்டும். தாய்தந்தையர் இரவு வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் விளக்கும் இடமும் வேண்டும். இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. ஒருவருடைய சனிக்கிழமைகளை வேண்டுவன.

மேடைகளைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாக்களில் எளிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கனவான் ஒரு முனையும் பிள்ளை மறுமுனையும் பற்றிய நிலையில் நிழற்படம் எடுக்கின்றனர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாணம் உண்டு. மறுநாள் வகுப்பில் உடன் பயில்வோர் அவனை எங்ஙனம் அழைக்கின்றனர் என்பது மேடையில் அமர்ந்தோர்க்குத் தெரியாது. வகுப்பில் நிற்கும் எமக்குத் தெரியும். படம் இல்லையேற் கொடை வாராது என்பர் சிலர். உறவின்முறையில் மகமை படத்தால் வந்ததன்று; ஆண்டுதோறும் கணக்கு வாசிக்கப்பட்டமையால் வந்தது. கொடுத்தவர் பெயர் கணக்கில் இருக்கட்டும். பெற்றவர் பெயர் தலைமையாசிரியர் பெட்டியில் இருக்கட்டும்.

சபையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்றினை முன்வைக்க எண்ணியுள்ளோம்: நோட்டுப் புத்தகங்களைப் பள்ளி திறப்பதற்கு முன்னரே தலைமையாசிரியர்கள்பால் ஒப்படைத்தல், உதவிக்குரிய பிள்ளைகளை வறுமையொன்றே நோக்கி வகுப்பாசிரியர்களைக்கொண்டு தெரிதல், படிவ வேலைக்கு மாதம் இரண்டு சனிக்கிழமை தருவோர் பெயர்களைப் பதிதல். முதல் இரண்டிற்கும் எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவோம். மூன்றாவதற்கு எதிர்ப்பு இராது. ஆனால் பெயர் தருவோர் எத்தனை பேர் என்பதை அன்று மாலையே எண்ணிவிடலாம்.