சுயமுன்னேற்ற நூல்களின் முதல் தலைமுறை

சுயமுன்னேற்ற நூல்களை இலக்கிய வாசகர்கள் சற்றே இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். 'ஏழே நாட்களில் வெற்றி' வகை அட்டைகளைக் காணும்போது அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் இவ்வகை எழுத்தின் மூலவர்களைத் தேடிச் சென்றால் வேறொரு சித்திரம் புலப்படுகிறது.

1859ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனின் ஜான் மர்ரே பதிப்பகம் இரு நூல்களை வெளியிட்டது. ஒன்று டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்'. மற்றொன்று சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்'. இந்த இரண்டாம் நூலின் தலைப்பே பின்னர் ஒரு துறையின் பெயராயிற்று. 1855இல் வேறொரு பதிப்பகம் இதன் கையெழுத்துப் படியை மறுத்திருந்தது. ஆயினும் வெளிவந்த முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றன. 1871இல் நகமுரா மசனாவோ செய்த ஜப்பானிய மொழிபெயர்ப்பு, மெய்ஜி காலத்து இளைஞர்களின் கைநூலாகத் திகழ்ந்தது.

1812இல் ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்மைல்ஸ் மருத்துவம் பயின்றவர்; லீட்ஸ் நகரில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்; பின்னர் ரயில்வே நிறுவனங்களில் செயலாளராகப் பணியாற்றியவர். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என வாழ்ந்த அவரை இன்றைய அலுவலக ஊழியர்கள் தம் இனத்தவராகவே கருதலாம்.

நூல் பிறந்த கதை நூலைவிடச் சுவையானது. லீட்ஸ் நகரில் இரண்டு மூன்று தொழிலாளி இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொள்ளத் தொடங்கினர். முதலில் அவர்களுள் ஒருவரின் குடிசையில் ஓர் அறை. கூட்டம் பெருகவே, கோடையில் தோட்டம். எண்ணிக்கை நூறை நெருங்கியபோது, முன்பு காலரா மருத்துவமனையாக இருந்த ஒரு மங்கலான அறையை வாடகைக்குப் பிடித்தனர். தம்மிடையே வந்து சில வார்த்தைகள் பேசுமாறு அவர்கள் ஸ்மைல்ஸை அழைத்தனர். அந்த உரைகளின் விரிவே இந்நூல்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 'தனக்குத்தானே உதவி' என்னும் கோட்பாடு, ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட ஒரு கூட்டத்தினிடையே பிறந்திருக்கிறது! தலைப்பைக் கண்டு இது சுயநலத்தின் துதி எனச் சிலர் எண்ணியது ஸ்மைல்ஸை வருத்தியது. 1866 பதிப்பின் முன்னுரையில், தன்னை உயர்த்திக்கொள்ளும் கடமையில் அயலாரை உயர்த்துவதும் அடங்கும் என்று அவர் விளக்க நேர்ந்தது.

நூலில் அவர் போற்றுவது மேதைமையை அன்று. கவனம், பொறுமை, துல்லியம், நேரந்தவறாமை போன்ற சாதாரணக் குணங்களையே. பளபளக்கும் மட்பாண்டப் பூச்சின் இரகசியத்தைக் காண, உலைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டு மேசை நாற்காலிகளையே எரித்த பிரெஞ்சுக் குயவர் பாலிஸ்ஸியின் வரலாறு அதில் புகழ்பெற்ற பகுதி. எனினும் உழைப்பின் எல்லையை ஸ்மைல்ஸின் சொந்த வாழ்வே காட்டிற்று. 1871இல் மிகையான உழைப்பால் பக்கவாதம் தாக்க, அவர் எழுதுவதையே மீண்டும் பழக வேண்டியிருந்தது.

அடுத்த தலைமுறையினர் ஜேம்ஸ் ஆலன் (1864-1912). தந்தையை இழந்து, 15 வயதில் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றவர். 1903இல் அவர் எழுதிய சிறுநூல், மனிதனின் எண்ணங்களே அவன் வாழ்வை வனைகின்றன என்றது. தமிழில் அதற்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளர் வ.உ.சிதம்பரம் பிள்ளை! 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்ட நிலையில், கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் 'மனம் போல வாழ்வு' என அதைத் தமிழாக்கினார். ஆலனின் வேறொரு நூலே அவர் கையில் 'அகமே புறம்' ஆயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. வ.உ.சி. செக்கிழுத்தது அவர் எண்ணத்தின் குறையாலா? அந்நிய ஆட்சியின் கொடுமையால் அன்றோ! இதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவர் அவர். தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தோள்கொடுத்தவரும் அவரே. ஆலனின் சொல் அவருக்குச் சிறையினுள் மனத்தைக் காக்கும் கவசமாகப் பயன்பட்டிருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு அவர் சிறையை நியாயப்படுத்தவில்லை.

இன்றைய பணியாளர்க்கு இவர்களிடம் கிடைக்கும் பாடம் இதுவே எனலாம். வேலை பறிபோனவரிடமும், ஓய்வின்றி நலிந்தவரிடமும் 'உன் மனப்பான்மையை மாற்று' என்று உபதேசிக்கும் குரல்கள் மலிந்துள்ளன. பழுது நிறுவனத்தில் இருக்க, பழி தனிமனிதன் தலையில் விழுகிறது. தன்முயற்சி பிறர் சுமத்தும் குற்றச்சாட்டாக மாறும்போது அது தன் பொருளை இழக்கிறது.

மனத்தைக் காத்துக்கொள்வதும், கற்பதும், சொன்ன நேரத்தில் செய்து முடிப்பதும் நம் கையில் உள்ளவை. கையில் இல்லாதவற்றுக்குக் கூட்டாளிகள் வேண்டும். லீட்ஸ் இளைஞர்கள் எந்த நூலையும் வாசித்துக் கூடியவர்கள் அல்லர். அவர்கள் கூடியதால்தான் நூல் பிறந்தது.