பரீட்சை இல்லாத பள்ளியில் நார்வே மொழி

டேனிஷ்காரங்க தரங்கம்பாடியில 1620லேர்ந்து 1845 வரைக்கும் இருந்தாங்க. எங்க வல்லத்துலேர்ந்து கிழக்கே போய்க் கடலோரமா தெற்கே இறங்கினா வந்துடும். 225 வருஷம்! ஆனாலும் டேனிஷ் மொழி நம்ம ஆளுங்க நாக்குல ஒட்டவே இல்ல. 1706ல வந்த சீகன்பால்க்தான் தமிழ் படிச்சார் (அவரும் ஜெர்மன்காரர்).

ஸ்காண்டிநேவிய மொழியைத் தமிழர்கள் கூட்டமா உட்கார்ந்து படிச்சது 1980களில், நார்வேயில். ஈழத்தமிழர்கள் நோர்வேன்னு எழுதுவாங்க.

ஒஸ்லோ பல்கலைக்கழகம் 1947ல அமெரிக்க மாணவர்களுக்காக ஆரம்பிச்ச கோடைப்பள்ளி இருக்கு. ஆறு வாரம் மொழி, இலக்கியம், ஊர் சுற்றல். நம்மவங்க போனது அங்கே இல்ல. 'மக்கள் உயர்பள்ளி'ன்னு சொல்ற விடுதிப் பள்ளிகளுக்கு. குருண்ட்விக் என்ற டேனிஷ் பாதிரியாரோட யோசனை அது. 1844ல டென்மார்க்குல முதல் பள்ளி, 1864ல நார்வேயில. விவசாயி வீட்டுப் பிள்ளைங்க சேர்ந்து தங்கி, பாடி, பேசி வளரணும். பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது. யாழ்ப்பாணத்துல போய் இதைச் சொன்னா ஒரு அப்பாவும் நம்பியிருக்க மாட்டார் :)

குருநகர் அந்தோனி ராஜேந்திரம் 1956லயே நார்வே போயிட்டார். ஆனா 1975ல வெளிநாட்டுத் தொழிலாளர் வர்றதை அந்த நாடு நிறுத்திடுச்சு. மாணவர்களுக்கு மட்டும் வழி இருந்தது. 1983 கலவரத்துக்கு அப்புறம் அந்தச் சின்ன வழியிலதான் இளைஞர்கள் நுழைஞ்சாங்க. தங்கவும் சாப்பிடவும் காசு கட்டணும். அனுமதி படிக்கிற காலத்துக்கு மட்டும்தான். கூடப் படிக்கிற நார்வே பையனுக்கு அது ஜாலியான ஒரு வருஷம். இவங்களுக்கு, அதுக்குள்ள மொழி வந்தாகணும். ஊர்ல குண்டு விழுந்துட்டிருக்கு, இங்க பனிச்சறுக்குப் பாடம்...

மொழியும் லேசுப்பட்டது இல்ல. எழுத்து வடிவமே ரெண்டு: பூக்மோல், நீநொஷ்க். ராகம் மாறினா அர்த்தம் மாறும். 'போன்னர்'னு ஒரு ராகத்துல சொன்னா விவசாயிகள், இன்னொரு ராகத்துல பீன்ஸ்!

படிப்பு முடிஞ்சு நிறைய பேர் வடகோடி ஃபின்மார்க்குக்குப் போனாங்க. மீன் ஆலைகள்ல ஆள் பற்றாக்குறை. குளிர்காலத்துல ரெண்டு மாசம் சூரியனே உதிக்காத ஊருங்க. அங்கே இன்னொரு சோதனை. வகுப்புல 'நான்'க்கு 'யெய்'னு படிச்சிருப்பாங்க. ஆலையில மீன் வெட்டுற அம்மா 'ஏ'ங்குறாங்க ('பேங்க்'ல வர்ற சத்தம்). எழுதுறது ஒண்ணு, பேசுறது ஒண்ணுன்னு பழகின தமிழனுக்கு இது புதுசில்லதான். ஆனா நம்ம ஊர்ல மேடை ஏறினா வட்டாரப் பேச்சை ஒளிச்சு வைப்போம். அங்கே அமைச்சர்கூட ஊர்ப்பேச்சுலயே பேசுவார். எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிச்சிருக்கு.

1988ல யாழ்ப்பாணத்துல பிறந்து, குழந்தையா அங்கே போன கம்ஷாஜினி குணரத்னம் 2015ல ஒஸ்லோ துணை மேயர், 2021ல நாடாளுமன்ற உறுப்பினர். அந்தத் தலைமுறைக்கு நார்வே மொழி தண்ணி பட்ட பாடு. கஷ்டம் இப்போ தமிழுக்குத்தான். அதுக்கு வார இறுதியில அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போறாங்க பிள்ளைங்க. அங்கே பரீட்சை உண்டு.