வளையமிட்ட பறவைகள்

மாரிக்காலத்தில் வடதிசையிலிருந்து வந்திறங்கும் புள்ளினங்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினா மிகப் பழையது. தகைவிலான் குருவிகள் குளத்துச் சேற்றுட் புதைந்து குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கின்றன என்று ஐரோப்பியக் கல்விமான்களே ஒரு காலத்தில் நம்பியிருந்தனர். இவ்வினாவுக்கு விடைகாண வழி வகுத்தவர் டென்மார்க் தேசத்தின் வீபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் மோர்ட்டென்சன். 1890இல் அவர் செய்து பார்த்த துத்தநாக வளையங்கள் பறவைகளுக்குப் பாரமாயின. 1899இல் இலேசான அலுமினிய வளையங்களை 165 ஸ்டார்லிங் பறவைகளின் கால்களிற் பூட்டிப் பறக்கவிட்டார். 1911இல் இங்கிலாந்தில் வளையமிடப்பெற்ற தகைவிலான் ஒன்று, மறு ஆண்டு திசெம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்திற் பிடிபட்டது. சேற்றில் உறங்கிய குருவியன்று அது!

இந்தியாவிலே இப்பணி பேரளவில் நடைபெறக் காரணமாயிருந்தது ஒரு நோயச்சம். 1957இல் மைசூர் மாநிலத்துச் சிமோகாப் பகுதியிலுள்ள கியாசனூர்க் காட்டிற் குரங்குகள் மடிந்து வீழ்ந்தன. அயற்கிராமத்தவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. உண்ணிகளாற் பரவும் இந்நோயின் வைரசு, இரஷ்யாவில் முன்னரே அறியப்பட்டிருந்த மூளைக்காய்ச்சல் வைரசோடு உறவுடையதெனத் தெரிந்தது. அவ்வாறாயின், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளே நோயுண்ணிகளைச் சுமந்து வந்தனவோ? ஐயத்தைத் தீர்க்க, உலக சுகாதார தாபனத்தின் உதவியுடன் 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஆய்வைத் தொடங்கிற்று. முன்னின்றவர் பறவையியலறிஞர் சலீம் அலி.

கச்சு, பரத்பூர் முதலிய இடங்களிலே குளிர்காலந்தோறும் பாசறைகள் அமைந்தன. பறவை பிடித்தலையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகார் மாநில மீர்சிக்கார்கள் வலையும் கண்ணியும் கொண்டு உதவினர். அவர்தம் கைத்திறன் இல்லையேல் ஏட்டறிவு அங்கே சிறிதும் பயன்பட்டிராது. அகப்பட்ட பறவையின் இனம் தெளியப்படும், சிறகு அளக்கப்படும், நிறை குறிக்கப்படும், இறகுகளிடையே ஒட்டியுள்ள உண்ணிகள் கவனமாகப் பொறுக்கி எடுக்கப்படும். பின்னர் எண்ணோடு, பம்பாய்ச் சங்கத்துக்கு அறிவிக்குமாறு வேண்டும் வாசகமும் பொறித்த வளையம் காலில் ஏறும். உடனே விடுதலை. தாமதிப்பின் பறவை சோர்ந்துவிடும்.

அதன்பின் காத்திருப்பே வேலை. வளையமிட்ட ஆயிரக்கணக்கான பறவைகளுட் சிலவற்றைப் பற்றியே செய்தி திரும்பும். அதுவும் பெரும்பாலும் வேட்டைக்காரன் கையிலிருந்து. பரத்பூரில் வளையமிடப்பெற்ற வாத்துக்கள் சில, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் சுடப்பட்ட செய்தி அவ்வாறே வந்தது. பறவைகள் சென்ற வழி தெரிந்தது. அவை நோயைக் கொணர்ந்தன என்பதோ நிறுவப்படவில்லை. அக்காட்டு உண்ணிகளும் சிறு விலங்குகளுமே கிருமியைப் பேணி நிற்பவை எனப் பின்னர் அறியப்பட்டது.

காய்ச்சலின் பொருட்டுத் தொடங்கிய வளையமிடல் அதனோடு முடிந்துவிடவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் கரைக்கு எதிரேயுள்ள கோடிக்கரையின் உப்பளச் சேற்றிலே, 1980களில் அதே சங்கத்தார் இரவிரவாக வலை விரித்து உள்ளான்களுக்கு வளையமிட்டனர். சைபீரியாவின் வடகோடிப் பனிவெளியிற் குஞ்சு பொரிக்கும் அச்சிறு பறவைகளுட் பல, ஒருவன் உள்ளங்கையில் அடங்குவன.