லியர் மன்னனும் பாரிமுனைப் பாதிரியாரும்

1900ஆம் ஆண்டு சென்னையில் ஒரு புத்தகம் வந்தது. தலைப்பைக் கேளுங்கள்: ‘லியர் மன்னனும் இந்திய அரசியலும்’. எழுதியவர் ஒரு பாதிரியார். ஷேக்ஸ்பியர் எங்கே, இந்திய அரசியல் எங்கே, நடுவில் பாதிரியார் எங்கே என்று உங்களுக்குத் தலை சுற்றலாம். அவருக்குச் சுற்றவில்லை. மேக்பெத், ஹாம்லெட், ஒத்தெல்லோ என்று இன்னும் மூன்று நாடகங்களையும் கையில் எடுத்தார். மேக்பெத்தா? ஆன்மாக்களின் அழிவு. ஹாம்லெட்டா? வீணாய்ப் போன வாழ்க்கை. ஒத்தெல்லோவா? நல்ல மனிதன் ஒருவனின் குணம் நொறுங்கிய கதை. புத்தகங்களுக்குத் தலைப்பே இந்த ரீதியில்தான் வைத்தார்.

பெயர் வில்லியம் மில்லர். ஊர் ஸ்காட்லாந்து. உத்தியோகம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் முதல்வர். அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை. பாரிமுனைப் பக்கம், இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. தாம்பரத்துக்குக் குடிபோனது 1937ல்தான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1837 ஏப்ரலில் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி ஆர்மீனியன் தெருவில் (நம் ஜனங்கள் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு) ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். முதல் நாள் வந்த பையன்கள் 59 பேர். இங்கிலீஷ் வேண்டும் என்றுதான் வந்தார்கள். கூடவே பைபிளும் கிடைத்தது. 1841ல் சில மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வளவுதான், ஊர் கொதித்தது. பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக, வகுப்புகள் வெறிச்சோடின.

1862 கடைசியில் மில்லர் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 24. பள்ளியைக் கல்லூரியாக வளர்த்தார். சொந்தப் பணத்தையும் போட்டார். மற்ற சபைகளையும் சேர்த்துக்கொண்டு 1877ல் ‘சென்னை கிறிஸ்தவக் கல்லூரி’ என்று பெயர் வைத்தார்.

மில்லர் போட்ட கணக்கு ஆண்டர்சன் கணக்கு இல்லை. இத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று தலை எண்ணுவது கல்லூரியின் வேலையே அல்ல என்றார். பாலில் உறை ஊற்றுகிறோமே, அது மாதிரி. உறை கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்கச் சத்தமில்லாமல் வேலை செய்யும். காலையில் பார்த்தால் பால் முழுக்க மாறியிருக்கும். இலக்கியமும் சரித்திரமும் தத்துவமும் கிறிஸ்தவப் பார்வையோடு சொல்லித் தரப்பட்டால், ஒருவர்கூட மதம் மாறாவிட்டாலும் சமுதாயத்தின் மனசே மெல்ல மாறும். இதுதான் அவருடைய நம்பிக்கை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. அரசாங்கத்தின் மாநிலக் கல்லூரியில் எந்தத் தேர்வோ அதேதான் இங்கேயும். 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைப்படி அரசுக் கல்லூரியில் மதம் பேசக்கூடாது. மிஷன் கல்லூரி மானியமும் வாங்கலாம், மதமும் பேசலாம். புத்தகம் ஒன்று, தேர்வு ஒன்று, பார்க்கிற கண் மட்டும் வேறு. சொக்கத்தங்கமான ஒருவன் ஏன் கெட்டுப் போகிறான் என்ற கேள்வி வந்தால், மாநிலக் கல்லூரி வாத்தியார் ஷேக்ஸ்பியரின் நாடகக் கலையைப் பற்றிப் பேசி மணியடித்ததும் கிளம்பிவிடலாம். மில்லர் கிளம்ப மாட்டார். பாவம் என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன, உன் தேசத்துக்கு இதில் என்ன பாடம் என்று ஆரம்பித்துவிடுவார்.

எல்லாருக்கும் இது பிடித்ததா என்றால், யாருக்குமே பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

ஸ்காட்லாந்தில் சந்தா கொடுத்தவர்கள், “இவ்வளவு செலவுக்கு எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள்?” என்று கேட்டார்கள். நான் பி.காம். படித்தவன். முதலுக்கு வரவு கேட்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் மில்லரின் வரவு எந்தப் பேரேட்டிலும் ஏறாத வரவு. என்ன செய்வது?

சென்னைக்காரர்களுக்கோ எதிர்ப்பக்கத்துக் கோபம். பைபிள் வகுப்பு எல்லா மாணவருக்கும் கட்டாயம். இங்கிலீஷ் வேண்டுமானால் இதையும் விழுங்கு என்பது என்ன நியாயம்? 1888ல் ஒரு பிராமண மாணவர் மதம் மாறப் போகிறார் என்ற பேச்சு கிளம்ப, கல்லூரியே கொந்தளித்தது. மறு வருடமே, 1889ல், சிவசங்கர பாண்டியா சென்னையில் இந்து தியலாஜிகல் பள்ளியைத் தொடங்கினார். நம் பிள்ளைகளுக்கு நம் சமயத்தை நாமே சொல்லித் தருவோம் என்ற ரோஷம்.

சரி, உறை ஊற்றிய பால் என்ன ஆனது? இரண்டு மாணவர்களைப் பார்ப்போம்.

முதலாமவர் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியைச் சேர்ந்த சூரியநாராயண சாஸ்திரி. பரிதிமாற் கலைஞர் என்றால் உங்களுக்குத் தெரியும். மில்லரின் மாணவர். ஒருநாள் டென்னிசனின் கவிதையில் படகு அன்னம் போல மிதந்து போகிற உவமையை மில்லர் ரசித்து ரசித்துச் சொன்னாராம். மாணவர் எழுந்து, குகனுடைய ஓடத்துக்கு இதே உவமையைக் கம்பன் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டான் என்றாராம். மில்லர் அசந்து போனார் என்று சொல்வார்கள். தத்துவத் துறையில் வேலை தர மில்லர் முன்வந்தும், தமிழ்த் துறையே போதும் என்று அதே கல்லூரியில் அமர்ந்தார் அவர். பாடத்திட்டத்திலிருந்து தமிழைத் தூக்கிவிடப் பல்கலைக்கழகம் 1902ல் யோசித்தபோது எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று வாதாடினார். 1903ல், 33 வயதில், காலமானார். மத்திய அரசு அதை ஒப்புக்கொண்டது 2004ல்.

இரண்டாமவர் திருத்தணிப் பையன். வசதி குறைவு. உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன. அதனாலேயே தத்துவம் எடுத்தார். பெயர் எஸ். ராதாகிருஷ்ணன்.

அவருக்கு வாய்த்த பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். இவரும் ஸ்காட்லாந்துக்காரர். கர்மக் கொள்கையைக் கிறிஸ்தவப் பார்வையில் விமரிசித்துக் கல்லூரிப் பத்திரிகையிலேயே கட்டுரைகள் எழுதியவர். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை, உலகமே மாயை என்றால் நல்லது என்ன, கெட்டது என்ன என்பது அன்றைய கிறிஸ்தவ விமரிசகர்களின் வாதம். ராதாகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. விவேகானந்தரைப் படித்து நிமிர்ந்திருந்த மனசு, மிஷன் கல்லூரியில் தன் சமயம் நடத்தப்பட்ட விதத்தில் புண்பட்டது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.

புண்பட்டவர் கல்லெறியவில்லை. 1908ல், 20 வயதில், எம்.ஏ. பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதினார். பொருள்: வேதாந்தத்தின் ஒழுக்கவியல். கிறிஸ்தவக் கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்தவ விமரிசனத்துக்குப் பதில்! ஹாக் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆய்வேட்டைப் பாராட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

மில்லரும் ஹாக்கும் நடுநிலை வேஷம் போடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் கிறிஸ்தவன், இப்படித்தான் பார்க்கிறேன் என்று பலகையில் எழுதாத குறை. எதிராளி நிற்கும் இடம் தெரிந்தால்தானே குஸ்தி போட முடியும்? கட்டாய வகுப்பு அநியாயம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் எந்தக் கண்ணாடியும் போடாமல் சரித்திரம் சொல்லித் தருகிறேன் என்கிற வாத்தியாரிடம் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. உங்கள் பிள்ளை பி.ஏ. படித்தால், அவன் பாடப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கண்ணாடி இல்லாத பக்கம் ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

மில்லர் 1907ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். 1923ல் எடின்பரோவில் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1926ல், ஆக்ஸ்போர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் ராதாகிருஷ்ணன் சொற்பொழிவாற்ற எழுந்தார். கிறிஸ்தவச் சமயப் படிப்புக்குப் பேர்போன கல்லூரி அது. அவர் பேசிய தலைப்பு: ‘இந்து வாழ்க்கை நோக்கு’.

பால் தயிராகத்தான் ஆனது. யார் வீட்டு உறை என்பதில்தான் வழக்கு!