சுமைகூலி முக்காற் பணம்: சென்னைத் துறைமுகத்தில் இடையாட்களின் கட்டணமும் கணக்கும்

"சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்பது நம்மவர் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் இக்கடற்கரைப் பாகத்தில் கடையும் பட்டறையும் வைத்துப் பிழைக்கும் நமது சங்கத்துச் சகோதரர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சரக்கின் விலை இன்னதென்று வியாபாரி அறிவான். சர்க்கார் தீர்வையும் ஒருவாறு அறிவான். ஆனால் சுங்க ஏஜெண்டும், வக்கீலும், ஆடிட்டரும் அனுப்பும் பில்லில் "இதர செலவுகள்" என்று ஒரே வரியாய் எழுதப்பட்டிருக்கும் தொகை எதற்கானது என்பதை மட்டும் அவன் அறியான். கேட்கவும் கூசுகிறான். இக்கூச்சம் இன்று நேற்று உண்டானதன்று. சென்னபட்டணம் தோன்றிய நாள்தொட்டு வருவது. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

பூர்வத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றினால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தன. நடு அலையிலே படகை நிறுத்தி, பேசிய கூலிக்குமேல் கேட்டார்கள் என்று ஐரோப்பியப் பிரயாணிகள் பலர் படகோட்டிகள்மீது குறை எழுதி வைத்திருக்கின்றனர். எழுதியவர்கள் படகில் உட்கார்ந்திருந்தவர்கள். துடுப்புப் பிடித்தவர்களின் கட்சியைக் கேட்டு எழுதியவர் அரியர். உயிரைப் பணயம் வைத்து உழைத்த அம்மக்கள் சில அணா அதிகம் கேட்டது ஊரெல்லாம் தெரிந்தது. அதே கரையில் வெள்ளைத் தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாய் நின்ற துபாஷி எடுத்துக்கொண்டதோ எவர் செவிக்கும் எட்டவில்லை.

துபாஷி என்பவன் இரு பாஷை அறிந்தவன். கும்பெனி வியாபாரிக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. நெசவாளனுக்கும் சாயக்காரனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவே நின்றவன் இருவரிடமும் "தஸ்தூரி" என்னும் மாமூல் தரகு பெற்றான். அது கூலியா, இலஞ்சமா, வெகுமதியா என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது. பிரிக்க இயலாதபடி இருந்ததே அதன் பலம் என்பது எமது அபிப்பிராயம். துபாஷிகளில் பச்சையப்ப முதலியார் போன்று பெருந்தர்மம் செய்தவரும் உண்டு. கவர்னர் ஹாலந்து சகோதரர்களின் துபாஷியாயிருந்து, அவர்களை எதிர்த்து நின்ற ஹாலிபர்ட்டன் என்னும் உத்தியோகஸ்தர்மீது பொய்க்குற்றம் சுமத்தச் சதி செய்ததாக 1792-ஆம் ஆண்டில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற அவதானம் பாப்பய்யாவும் உண்டு. சூளையில் இன்றும் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எளிய வியாபாரிக்கு இவர்களுள் நல்லவர் யார், அல்லர் யார் என்று அறிய வழியில்லை. இருவரும் கொடுத்தது ஒரே மாதிரியான மொத்தத் தொகைக் கணக்குத்தானே!

நிற்க. நியாயஸ்தலத்தின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. 1801-இல் சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. விவகாரம் முழுதும் இங்கிலீஷில். பாரிஸ்டர் பீசு, அட்டர்னி பீசு, மொழிபெயர்ப்புச் செலவு, பத்திரச் செலவு என்று அடுக்கடுக்காய் வரும். நூறு ரூபாய்க் கடனுக்கு அங்கே வழக்காடுவது எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும். ஆகவே 1850-ஆம் ஆண்டின் 9-வது சட்டப்படி கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று பட்டணங்களிலும் ஸ்மால் காஸ் கோர்ட்டுகள் ஏற்படுத்தப்பட்டன. 500 ரூபாய் வரையுள்ள வியாஜ்யங்களை அவை தீர்த்தன. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லையை 2,000 ரூபாயாக உயர்த்தியது. அதற்கும் மேற்பட்ட நடுத்தர வழக்குகள் ஹைகோர்ட்டின் செலவைத் தாங்கமாட்டாமையால், 1892-இல் சென்னை ஸிடி ஸிவில் கோர்ட்டு 2,500 ரூபாய் வரை விசாரிக்கும் அதிகாரத்துடன் பிறந்தது. வக்கீலின் பீசைக் குறைக்கச் சர்க்கார் கண்ட வழி அவரை அதட்டுவதன்று, அவரில்லாமலும் வியாபாரி போய் நிற்கத்தக்க வாயில்களைத் திறப்பதே என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இதனிடையே கடற்கரையும் மாறியது. 1856-இல் இராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் திறக்கப்பட்டு, வாலாஜா வரை வண்டி ஓடியது. 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீண்டது. 1875-இல் துறைமுகத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டினர், 1881-ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். 1904-க்குப்பின் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவர் பார்வையில் துறைமுகம் இன்றைய உருவத்தை எய்தத் தொடங்கிற்று. படகோட்டி மறைந்தான், துபாஷியும் மறைந்தான். ஆனால் நடு அலை மறையவில்லை; அது "டெமரேஜ்" என்னும் பெயர் பூண்டு வந்தது. சரக்கு கிடங்கில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். பத்திரங்களோ ஏஜெண்டின் கையில். அந்நிலையில் "இந்த ஆயிரம் எதற்கு?" என்று கேட்டு இரண்டு நாள் வாதாடினால், வாதத்தின் செலவு ஆயிரத்துக்கு மேலாகிவிடும். ஆதலால் வியாபாரி பேசாமல் கொடுத்துவிடுகிறான். பெரிய கம்பெனிக்குச் சொந்தக் கணக்கரும் சட்ட ஆலோசகரும் உண்டு; ஒரே கண்டெய்னரில் பல்லாயிரம் ரூபாய் முடக்கியிருக்கும் சிறு வியாபாரிக்கு எவர் உண்டு?

சட்டம் அவனை முற்றும் கைவிட்டதென்று சொல்வது தகாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 213-வது பிரிவில், முதலாளி கேட்டபோது ஏஜெண்டு சரியான கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்று விதித்தது. 220-வது பிரிவோ, காரியத்தில் முறைகேடு செய்த ஏஜெண்டு அந்தப் பாகத்துக்குக் கூலி பெற உரியவனல்லன் என்கிறது. துபாஷிக் காலத்தில் இல்லாத ஆயுதங்கள் இவை. எனினும் அதே சட்டத்தின் 171-வது பிரிவு, பாங்குக்காரர், துறைக்கிடங்குக்காரர், ஹைகோர்ட்டு அட்டர்னி முதலியோர் தமக்கு வரவேண்டிய பாக்கிக்காகத் தம்மிடம் ஒப்படைத்த சரக்கை நிறுத்திவைக்கலாம் என்றும் கூறுகிறது. இதைக் கொண்டு, பீசு பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று வாதித்தார் ஒரு வக்கீல். மத்தியப் பிரதேசத்துக் கூட்டுறவு பாங்கு ஒன்றின் கட்டுகள் அவை. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, கேஸ் கட்டு சரக்காகாது, பீசு வேண்டுமானால் தனியே வழக்கிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. "பணம் வைத்தால்தான் பேப்பர்" என்று கேட்டுப் பழகிய நம்மவர் இத்தீர்ப்பை நினைவில் வைப்பது நலம்.

சுங்க ஏஜெண்டு விஷயத்தில் இன்னும் தெளிவான விதி இருக்கிறது. சர்க்கார் அனுமதி பெற்றவரே இத்தொழில் செய்யலாம் என்பது 1878-ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டக் காலத்திலிருந்தே வரும் முறை. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே தொடர்கிறது. 2013 முதல் இவர்களுக்குக் "கஸ்டம்ஸ் புரோக்கர்" என்று பெயர். 2018-ஆம் ஆண்டின் லைசென்ஸ் விதிகளில் 10-வது விதியானது, தீர்வைக்கென்று வாங்கிய பணத்தைத் தாமதமின்றிச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டும், சர்க்கார் கட்டணங்களுக்கு மேல் கட்சிக்காரரிடம் வாங்கியிருந்தால் அதற்கும் உடனே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. தஸ்தூரியைத் தனியே பிரித்துக் காட்டு என்று இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு விதி பேசுகிறது. யோக்கியமான ஏஜெண்டுகள் இவ்விதி வருமுன்னரே அப்படித்தான் செய்துவந்தனர். அத்தகையோர் நமது பாகத்தில் பலர் உளர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அலைச்சலுக்கும் அறிவுக்கும் கூலி கேட்பது குற்றமன்று. கூலியைச் சர்க்கார் தீர்வைக்குள் ஒளிப்பதே குற்றம்.

ஆடிட்டர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் சட்டம் உண்டு. இலாபத்தில் இத்தனை சதவீதம் என்று பீசு பேசுவது, விதிகள் அனுமதித்த சில இனங்கள் நீங்கலாக, அவர்களுக்குத் தொழில்முறைக் குற்றம். வழக்கின் ஜயத்தில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கும் விலக்கப்பட்டதே.

இன்னொரு விதக் கட்டணமும் உண்டு. சேவையே இல்லாமல் வாங்கப்படுவது. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குச் சர்க்கார் ஒரு காசும் வாங்குவதில்லை. ஜி.எஸ்.டி. பதிவுக்கும் சர்க்கார் கட்டணம் இல்லை. அப்படியிருக்க, இவற்றுக்குச் "சர்க்கார் பீசு" என்று ஆயிரக்கணக்கில் வாங்குவோர் இருக்கின்றனர். எழுதிக் கொடுத்த கூலி என்று சொல்லி வாங்கினால் அது வேறு. சர்க்காரின் பெயரைச் சொல்லி வாங்குவது வேறு.

பில் வந்தபின் சந்தேகம் எழுந்தால் எங்கே போவது? வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்காது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதனால், அவர்கள்மீதான புகார் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கே போகவேண்டும். ஆடிட்டர் விஷயத்துக்குச் சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகளின் இன்ஸ்டிடியூட்டில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு இருக்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர் விஷயமாயின், ராஜாஜி சாலைக் கஸ்டம்ஸ் ஹவுஸில் லைசென்ஸ் வழங்கும் கமிஷனருக்கு எழுதலாம். எழுதுமுன், தீர்வை கட்டிய சலான், துறைமுக ரசீது, கிடங்கு ரசீது, ஏஜெண்டின் சொந்தக் கூலி ஆகிய நான்கையும் தனித்தனியே தரும்படி கடிதம் மூலம் கேட்டு, அக்கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளவேண்டும்.