ரத்தக்காட்டேரியை அடக்க வந்த பாதிரியார்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை ஆடும் கூட்டம் எதுவானாலும் அதில் ஒருவர் இருப்பார்: புத்தகத்தில் உள்ள கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள், போதாமல் சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டு வருபவர். படித்துப் பார்த்த மற்றவர்கள் முதலில் கேட்பது, "இது ரொம்ப ஓவர் இல்லையா?" இந்தச் சண்டை ஐம்பது வருடப் பழசு. அதன் பூட்டனைத் தேடிப்போனால் இந்தியாவின் சதுரங்கத்துக்கே வந்து நிற்போம்.

சதுரங்கத்தில் யானைக்கு ஒரு பலம், குதிரைக்கு வேறு பலம். எதிராளிக்கும் அதே படை என்பதால் யாரும் புகார் சொல்வதில்லை. பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா போய்ச் சேர்ந்த ஆட்டத்தை 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட போர் விளையாட்டாக ஊதிப் பெரிதாக்கினார். 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகளில் கட்டங்களே இல்லை. நிலப்படம், பகடை, நடுவர். இன்று ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் மூதாதை அந்த நடுவர்தான்.

அங்கிருந்து ஒரே தாவலில் அமெரிக்காவின் மினசோட்டா, 1971. டேவ் ஆர்னெசன் நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் ஆளுக்கொரு படை போய், ஆளுக்கொரு பாத்திரம் வந்தது. ஒருவருடைய பாத்திரம் 'சர் ஃபாங்' என்ற ரத்தக்காட்டேரியாகி, எவராலும் வெல்ல முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதை அடக்க இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டதுதான் காட்டேரி வேட்டையாடும் பாதிரியார். இன்று காயம் ஆற்றுபவராக நாம் அறிந்த கிளெரிக், ஒருவரின் அட்டகாசத்தை நிறுத்தப் பிறந்தவர்! 1974இல் கேரி கைகாக்ஸும் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை அச்சிட்டபோது போராளி, மந்திரவாதியோடு மூன்றாவதாக அவரும் உட்கார்ந்துகொண்டார்.

திருடன் வந்தது தொலைபேசியில். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் ஒரு பொழுதுபோக்குப் பொருள் கடையைச் சுற்றி ஆடிய குழுவின் யோசனையைக் கடைக்காரர் சொல்ல, கைகாக்ஸ் தன் பாணியில் எழுதி 1975இல் புத்தகத்தில் சேர்த்தார். சண்டையில் திருடன் நோஞ்சான். அதனால் இரண்டாம் லெவலுக்கு அவனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும். போராளிக்கு 2000, மந்திரவாதிக்கு 2500. கெட்டிக்காரத்தனமான தராசுதான், ஆனால் முள் நேராக நிற்கவில்லை. தொடக்கத்தில் ஒரே மந்திரத்தோடு தடுமாறும் மந்திரவாதி, உயர்ந்த லெவலில் மற்றவர்களை மூட்டை தூக்கிகளாக்கிவிடுவார்.

ரேஞ்சரும் பார்டும் பத்திரிகைக்கு ஆட்டக்காரர்கள் எழுதி அனுப்பிய கிளாஸ்கள். அதாவது ஆட்டக்காரர்களே எழுதிக்கொண்ட நேற்றைய 'ஹோம்ப்ரூ'தான் இன்றைய வேதம்.

பிறகு காப்பியடிப்போர் காலம். 1981இல் 'விசார்ட்ரி' என்ற கணினி விளையாட்டு இந்தக் கிளாஸ்களைத் திரைக்குக் கொண்டுபோனது. ஜப்பானில் அதற்கு ஏக வரவேற்பு. 1987இல் 'ஃபைனல் ஃபேன்டஸி'யில் கிளெரிக் வெள்ளை மந்திரவாதியாக மறுபிறவி எடுத்தார். இணைய விளையாட்டுகள் அடிவாங்க ஒருவர், ஆற்ற ஒருவர், அடிக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்தன. வேடிக்கை என்னவென்றால், 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பில் அந்தப் பிரிவினையின் சாயல் மேசைக்கே திரும்பி வந்தது. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அச்சு. தராசு ஏறக்குறைய நேரானது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று பலர் முகம் சுளித்தார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு அந்த அச்சைக் கைவிட்டது.

ஆகவே சொந்தக் கிளாஸ் எழுதுபவர்களே, ஐந்தாம் பதிப்பின் போராளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் லெவலில் அவருக்கு இரண்டாவது அடி, 11இல் மூன்றாவது. அந்த இரு இடங்களிலும் உங்கள் கிளாஸை ஆடிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய வேலையே இல்லாமல் போனால், தயங்காமல் வெட்டுங்கள்.