விட்டவர் யார்?

கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் வட்டம், 1948 மார்ச் 3ஆம் நாள் சென்னை மாகாணத்துக்குள் வந்தது. அதற்கு முன்பு அது புதுக்கோட்டை சமஸ்தானத்து மண். இந்த மாற்றத்துக்கு வழிசெய்த இணைப்பு ஒப்பந்தத்தின் முதற்கூறில், மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியதிகாரம் முழுவதையும் இந்திய அரசுக்குச் 'சீட்' செய்கிறார். நாற்காலியைக் குறிக்கும் சீட் அன்று. இது ஓர் ஆங்கில வினைச்சொல். என் குறிப்பேட்டில் அதற்கு நேரே 'சரணடைகிறார்' என்று எழுதினேன்.

எழுதியது நெருடியது. சரணடையத் தோல்வி ஒன்று வேண்டும். 1948இல் இங்கே போரே இல்லையே.

முந்தைய ஆவணங்களுக்குப் போனேன். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் கைமாறியபோதும் இதே சொற்குடும்பம் வருகிறது. ஆனால் அங்கே கொடுத்தது கும்பினி, அதாவது கிழக்கிந்திய கம்பெனி. வாங்கியவர் அன்றைய தொண்டைமான், படையுதவிக்குப் பரிசாக. வலியவர் நண்பருக்குக் கொடுத்ததைச் சரணாகதி என்பது எப்படி?

'சரணடைகிறார்' என்பதை அடித்துவிட்டு 'தானம்' என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. அந்த நிலத்தைப் பராதீனம் செய்யக்கூடாது, அதாவது பிறருக்கு உரிமை மாற்றக்கூடாது. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தரவேண்டும். தானம் கொடுத்தவர் யானை கேட்பாரா? (அந்த யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, 1836இல் முறைப்படி தள்ளுபடி செய்தார்கள்.)

மிச்சம் இருந்தது வேர்ச்சொல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய இவ்வினையின் மூலம் லத்தீனின் 'கேதெரே'. அதன் அடிப்படைப் பொருள் போதல், விலகுதல், இடம்விடுதல். தோல்வியும் அதில் இல்லை, கொடையும் இல்லை. ஒருவர் நகர்கிறார், இடம் காலியாகிறது.

அந்த வேரைப் பிடித்ததும் இன்னொன்று புலப்பட்டது. 1947இல் சமஸ்தானங்கள் ஒப்பமிட்ட இணைவுப் பத்திரத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள 'அக்செஷன்' என்ற சொல்லுக்கும் வேர் இதுதான்: ஒன்றை நோக்கிப் போதல். முதல் தாளில் நெருங்கி வந்தவர், அடுத்த தாளில் விலகி நிற்கிறார். இரண்டுக்கும் ஒரே வினை.

தமிழில் இதற்கு நிகர் தேடி அகராதிகளைப் புரட்டியது வீண் அலைச்சல். கோயில் கல்வெட்டுகளில் தேவதானமாக, அதாவது இறைவனுக்கு உரியதாக, 'விட்ட நிலம்' என்பது பழகிய வழக்கு. விடுதலில் நீங்குதலும் உண்டு, உரிமை கைமாறுதலும் உண்டு. குறிப்பேட்டில் மூன்றாம் முறையாக எழுதினேன்: 'விடுகிறார்'.